ஒரு திருவிழா அறிவிப்பு, மூன்று வகை வாசகர்கள்: ரங்கூன் கோவில் பணி பற்றிய நிகழ்வு ஆய்வு

ரங்கூனின் கிழக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அம்மன் கோவிலின் பங்குனித் திருவிழாவுக்காக நான் செய்த அச்சுப் பணியைப் பற்றியது இந்த ஆய்வு. நான் வரைகலை வடிவமைப்பு படிக்கிறேன். எங்கள் படிப்பின் கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் வெளியில் ஒரு வேலையை எடுத்து, முதல் பேச்சு தொடங்கி அச்சாகிக் கைக்கு வரும்வரை தாமே நடத்த வேண்டும். பிறகு நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். நான் எடுத்தது மூன்று பொருள்கள்: தெருமுனையில் கட்டும் பெரிய வினைல் பதாகை, சுவரில் ஒட்டும் ஏ2 சுவரொட்டி, வீடு வீடாகக் கொடுக்கும் ஏ5 துண்டறிக்கை.

எங்கள் மதிப்பெண் தாளில் படைப்புத் திறனுக்கு ஒரு கட்டம், தொழில் திறனுக்கு ஒரு கட்டம் என்று இரண்டு இருக்கின்றன. முதல் கட்டத்தில் கற்பனை, நிறம், எழுத்து, பக்க அமைப்பு. இரண்டாவதில் வாடிக்கையாளரோடு பேசுவது, நேரம், செலவு, அச்சகம். இந்த வேலையில் எது எந்தக் கட்டத்துக்குப் போகும் என்று கடைசிவரை என்னால் பிரிக்க முடியவில்லை. ஓர் எழுத்தின் உயரம் எவ்வளவு என்பதை ஒரு பாட்டியின் கண்ணாடி தீர்மானித்தது. ஒரு காகிதத்தில் வாங்கிய கையெழுத்துதான் அந்த உயரத்தை அச்சகம்வரை காப்பாற்றியது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

படிப்பவர்கள் யார்

வேலை கைக்கு வந்ததும் எல்லோரும் போல நானும் முதலில் நிறத்தையும் படத்தையும்தான் யோசித்தேன். எங்கள் சயாமா, அதாவது ஆசிரியை, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதைப் படிக்க முடியாதவர்கள் யார்?" அந்தக் கேள்வியோடு கோவிலுக்குப் போய், அன்னதானக் கூடத்தில் வருகிறவர்கள் போகிறவர்களிடம் பேச ஆரம்பித்தேன்.

பர்மாத் தமிழர்களின் கதை தெரிந்தவர்களுக்கு நான் கண்டது புதிதாக இருக்காது. 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். துறைமுகத்துக்கும் வயலுக்கும் வட்டிக்கடைக்கும் ஆலைக்கும் தமிழர்கள் வந்து இறங்கிய காலம் அது. ரங்கூன் நகரின் நடுவில், அனவ்ரதா வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் காளி கோவில் 1871-ல் தமிழர்கள் கட்டியது. 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்கடுத்த ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் ஊரை விட்டுப் போனார்கள். சென்னையின் பர்மா பஜார் அப்படிப் போனவர்கள் போட்ட கடைகள்தான். 1960-களின் நடுவில் தனியார் பள்ளிகளும் அரசு கைக்குப் போனதால், இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தமிழ் எழுத்துப் படிக்கும் வாய்ப்பு போய்விட்டது. அதற்குப் பிறகு தமிழ் எழுத்து என்பது கோவில் வகுப்பிலும் வீட்டுத் திண்ணையிலும் கற்பதாகிவிட்டது.

அதன் விளைவை அன்னதானக் கூடத்தில் நேரே பார்த்தேன். எழுபது வயதைத் தாண்டியவர்கள் தமிழை எழுத்துக் கூட்டாமல் படிக்கிறார்கள். பர்மியம் பேசுவார்கள், ஆனால் படிப்பதில் வேகம் குறைவு. நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் இரண்டையும் தட்டுத் தடுமாறியாவது படித்துவிடுகிறார்கள். என் வயதுப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், சாமி கும்பிடும்போது தமிழில்தான் வேண்டுகிறார்கள், படிப்பது மட்டும் பர்மியம். நான் தமிழ் எழுத்தை அப்பாயியிடமும் கோவில் வகுப்பிலும் கற்றவள். அதனால் எனக்கு இது கைவந்தது. என்னோடு அதே வகுப்பில் உட்கார்ந்த பலர் பாதியில் நின்றுவிட்டார்கள். இன்னொரு கூட்டமும் உண்டு. பக்கத்து வீட்டுப் பர்மியர்கள். தீமிதி பார்க்க அவர்கள் வருகிறார்கள், பால்குடம் போகும்போது தண்ணீர் ஊற்றுகிறார்கள், சிலர் நேர்த்திக்கடனே வைக்கிறார்கள்.

ஆக மூன்று வகை வாசகர்கள்: தமிழ் படிக்கிறவர்கள், தமிழ் பேசிப் பர்மியம் படிக்கிறவர்கள், பக்கத்து வீட்டுப் பர்மியர்கள். நிர்வாகக் குழு முதலில் கேட்டது தமிழ், பர்மியம், ஆங்கிலம் என மூன்று மொழி. முந்தைய ஆண்டுப் பதாகையில் மூன்றும் ஒரே அளவில், ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. பார்ப்பதற்கு நியாயமாகத் தெரியும். ஆனால் கூடத்தில் பேசியவர்களில் ஆங்கில வரியைப் பார்த்துத் தேதி தெரிந்துகொண்டதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. மூன்று மொழி வேறு, மூன்று வகை வாசகர் வேறு என்று எனக்கு அப்போதுதான் தெளிந்தது. ஆங்கிலத்தை விடலாம் என்று குழுவிடம் சொன்னேன். தலைவர் ஐயா உடனே ஒப்பவில்லை. "பாப்பா, இங்கிலீஷ் இருந்தாத்தான் ஒரு மதிப்பு" என்றார். யார் யார் எதைப் படித்தார்கள் என்று நான் எழுதி வைத்திருந்த தாளை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதை முழுக்கப் படித்துவிட்டு, "சரி, அந்த எடத்த அம்மாவுக்குக் குடு" என்றார். அந்த இடத்தில் அம்மன் பெயர் பெரிதாக வந்தது.

"கோவில் வேலைக்கு எதுக்குக் காகிதம்?"

வடிவமைப்பைத் தொடங்கும் முன் ஒரு பக்க ஒப்பந்தத் தாள் தயார் செய்தேன். என்னென்ன பொருள்கள், என்ன அளவு, வாசகத்தை யார் தருவார், எத்தனை முறை திருத்தலாம், எந்தத் தேதிக்குப் பிறகு வாசகத்தை மாற்ற முடியாது, அச்சுக்கு முன் யார் கையெழுத்திடுவார் என்பதெல்லாம் அதில் இருந்தன. பணம் வாங்கவில்லை. அதையும் எழுதியிருந்தேன்.

செயலாளர் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "கோவில் வேலைக்கு எதுக்கும்மா காகிதம்? நம்ம புள்ளைதானே" என்றார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் "நம்ம புள்ளை" என்றால் ராத்திரி பத்து மணிக்கும் உபயதாரர் பெயர் ஒன்று சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதை எல்லா ஊர்க் கோவில் பிள்ளைகளும் அறிவார்கள். "அண்ணே, இது உங்களுக்கும் நல்லது. யாராவது ஏன் என் பேரு இல்லைன்னு கேட்டா, இந்தத் தேதியோட முடிஞ்சிருச்சுன்னு காட்டலாம்ல" என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். உபயதாரர் பட்டியலை வைத்து வருஷா வருஷம் அவர்தான் எல்லோரிடமும் பேச்சு வாங்குகிறவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. அந்தத் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டே திரிந்தார்.

வகுப்பில் பலரும் இந்தப் பகுதியை அலுவலக வேலை என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது அப்படிப் படவில்லை. வாசகம் நின்றால்தான் வரியின் நீளம் நிற்கும், வரியின் நீளம் நின்றால்தான் எழுத்தின் அளவு நிற்கும். பெயர்கள் கூடிக்கொண்டே போனால் முதலில் சிறிதாவது பாட்டிகள் படிக்க வேண்டிய தேதிதான்.

எழுத்தும் அளவும்

இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிட்டது இதில்தான், எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

தமிழையும் பர்மியத்தையும் ஒரே பாயிண்ட் (எழுத்தின் அளவைச் சொல்லும் அச்சு அலகு) அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் தெரியும். காரணம் எளிது. பர்மிய எழுத்துக்கு மேலேயும் கீழேயும் நிறைய சுமை உண்டு. மேலே உயிர்க்குறி வரும், கீழே துணை மெய் வரும், அதற்கும் கீழே குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சுரப் புள்ளி வரும். பாலிச் சொல் என்றால் ஒரு மெய்யின் தலையில் இன்னொரு மெய் ஏறி உட்காரும். இதற்கெல்லாம் இடம் விட வேண்டும் என்பதால் எழுத்துருவைச் செய்கிறவர்கள் நடு வட்டத்தைச் சிறிதாக வைக்கிறார்கள். தமிழில் மேலே இகர வளைவும் புள்ளியும், கீழே உகர வளைவும் உண்டு, ஆனால் அடுக்கு இல்லை. தமிழின் தாராளம் அகலத்தில்தான் இருக்கிறது. 'கொண்டாட்டத்திற்கு' என்று எழுதினால் வரி போய்க்கொண்டே இருக்கும்.

அதனால் பாயிண்ட் கணக்கைக் கைவிட்டேன். தமிழின் 'ப' எழுத்தின் உயரத்தையும் பர்மியத்தில் முழு வட்டமாக இருக்கும் 'வ' எழுத்தின் உயரத்தையும் எடுத்து, இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும்வரை மாற்றினேன். தமிழுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், பர்மியத்துக்கு நோட்டோ சான்ஸ் மியான்மர், பிறகு படவுக் என்று எழுத்துருக்களை மாற்றிப் பார்த்தேன். சுவரொட்டியில் நோட்டோ இரண்டும் நன்றாகச் சேர்ந்தன, கோட்டின் கனம் ஒத்துப்போனது. துண்டறிக்கையின் சிறிய எழுத்தில் படவுக் தெளிவாக இருந்தது. எல்லாமே இலவசமாகப் பகிரக்கூடிய உரிமத்தில் வருபவை. அது ஏன் முக்கியம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வரி இடைவெளிதான் பெரிய தலைவலி. பர்மிய வரிகளைத் தமிழ் வரிகளைப் போல நெருக்கி வைத்தால் மேல்வரியின் சுரப் புள்ளி கீழ்வரியின் உயிர்க்குறியோடு ஒட்டிக்கொள்ளும். புள்ளி ஒட்டினால் சுரம் மாறும், சுரம் மாறினால் சொல்லே மாறும். ஆகவே பர்மியத்துக்கு இடைவெளி கூடுதல், வரிகள் குறைவு. பர்மியத்தில் சொல்லுக்குச் சொல் இடம் விடுவதும் இல்லை. சொற்றொடர் முடிந்தால்தான் இடைவெளி. மென்பொருளுக்கு எங்கே வரியை உடைப்பது என்று தெரியாமல் ஒரு சொல்லின் நடுவில் வெட்டிவிடுகிறது. பர்மிய வகுப்புத் தோழி ஒருத்தியை உட்கார வைத்து, உடைக்கலாம் என்று அவள் சொன்ன இடங்களில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறியைப் போட்டேன்.

பிறகு சோதனை. அச்சு எடுத்த தாள்களைக் கூடத்துச் சுவரில் ஒட்டி, வழக்கமாக மக்கள் நிற்கும் தூரத்தில் பெரியவர்களை நிற்கச் சொன்னேன். "படிங்க" என்று சொல்லவில்லை. "பால்குடம் எத்தனை மணிக்குக் கிளம்புது?" என்று கேட்டேன். பதில் வரும்வரை அவர்களின் கண் எங்கே போகிறது என்று பார்த்தேன். ஒரு பாட்டி கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, முகத்தைத் தாளோடு ஒட்டி வைத்துப் படித்தார். அவர் கண் முதலில் போனது தலைப்புக்கோ தேதிக்கோ இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, சின்னதாக வைத்திருந்த 'அம்மன் துணை' என்ற வரிக்குப் போனது. அந்த 'ணை'யை விரலால் தொட்டு, "இது நம்ம கோவில் எழுத்து இல்லையே" என்றார்.

கோவில் முகப்பில் சிமெண்டில் செதுக்கியிருக்கும் பெயரைப் பார்த்தபோது புரிந்தது. அங்கே 'துணை' பழைய வடிவில் இருக்கிறது, யானைத் தும்பிக்கை போல மேலே சுழித்து வரும் ஐகாரத்தோடு. தமிழ்நாட்டில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலான பதின்மூன்று வடிவங்கள் மாறின. இங்கே இருந்தவர்கள் அதற்கு முன்பே தமிழ்நாட்டோடு தொடர்பு அறுந்து, கையில் இருந்த பழைய புத்தகங்களையே திரும்பத் திரும்பப் படித்து வந்தார்கள். பாட்டிக்குப் புதிய எழுத்தும் படிக்க வரும், செல்போனில் பார்க்கிறார்தான். ஆனால் அம்மன் பெயருக்குப் பக்கத்தில் வரும் அந்த ஒரு சொல் அவர் கண்ணுக்குப் பழகிய முகத்தோடு இருக்க வேண்டும்.

கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் பழைய ணைக்கும் புதிய ணைக்கும் தனித்தனிக் குறியீடு கிடையாது. குறியீடு ஒன்றே, வடிவம் எழுத்துருவைப் பொறுத்தது. அதனால் முகப்பு எழுத்தைப் படம் எடுத்து, அதன் மேல் தாள் வைத்து வரைந்து, சிமெண்டில் கொத்தன் கை எங்கே அழுத்தி எங்கே தளர்ந்திருக்கிறது என்று பார்த்து, 'அம்மன் துணை' முழுவதையும் கையால் வரைந்தேன். பிறகு அதைக் கணினியில் ஏற்றினேன். மூன்று பொருள்களிலும் தலைப்பில் அதுதான் வந்தது. வகுப்பில் இந்தப் பணியைக் காட்டியபோது எல்லோரும் கேட்டது அந்த எழுத்தைப் பற்றித்தான். அது என் மேசையில் பிறந்த யோசனை இல்லை. ஒரு பாட்டியின் விரல் காட்டிய இடம் அது.

தமிழை வேறு எழுத்தில் எழுதுவதா

என் வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு யோசனை வைத்தேன். துண்டறிக்கையில் தமிழ் வாசகத்தைப் பர்மிய எழுத்தில் கொடுக்கலாம், படித்தால் காதில் தமிழாக விழும். குழுவில் பெரிய வாக்குவாதம். "எழுத்தையும் விட்டுட்டா அப்புறம் என்ன இருக்கு?" என்று ஒரு பெரியவர் குரலை உயர்த்தினார். தமிழ் வகுப்பு எடுக்கும் அக்கா வேறு மாதிரி பார்த்தார். "இப்ப அவங்களுக்கு ஒண்ணுமே போய்ச் சேரலையே மாமா" என்றார். இரண்டு பேரும் ஒரே கவலையில்தான் பேசினார்கள். எனக்கு இருவர் மேலும் மரியாதை உண்டு. ஆனால் மரியாதையை வைத்து வடிவமைப்பை முடிக்க முடியாதே. சோதித்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கோவில் வகுப்புக்கு வரும் பெண் பிள்ளைகளிடம் பர்மிய எழுத்தில் எழுதிய தமிழ் வாசகத்தைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். பர்மிய அசையின் முடிவில் 'ல்' ஒலிக்காது. 'பால்குடம்' அவர்கள் வாயில் 'பாகுடம்' என்று வந்தது. பாலிக்காக வைத்திருக்கும் டகர வரிசை பர்மியத்தில் உண்டு, ஆனால் உச்சரிப்பில் அது தனியாக நிற்பதில்லை. 'காவடி'யின் டகரமும் மழுங்கியது. நீண்ட வாக்கியங்களை அவர்கள் இரண்டு தடவை படித்தும் பொருள் பிடிபடவில்லை. ஆனால் தனிச் சொற்கள் வேறு கதை. 'பாகுடம்' என்று படித்த மறுநொடியே "ஓ, பால்குடம்" என்று அவர்களே திருத்திக்கொண்டார்கள். வீட்டில் கேட்டுப் பழகிய சொல்லாயிற்றே.

அதில் இருந்துதான் கடைசி அமைப்பு வந்தது. முழு வாக்கியங்கள் தமிழில் தமிழ் எழுத்தாகவே இருக்கும். நிகழ்ச்சிகளின் பெயர்கள் (கொடியேற்றம், பால்குடம், காவடி, தீமிதி, அன்னதானம்) பெரிய தமிழ் எழுத்தில் வரும். அதன் அடியிலேயே ஒலியாகப் பர்மிய எழுத்தில் வரும். அதற்குப் பக்கத்தில் அது என்ன என்று ஒரு வரிப் பர்மிய விளக்கம். பெரியவர்கள் தமிழைப் படிப்பார்கள், பிள்ளைகள் ஒலியைப் பிடித்து மேலே இருக்கும் தமிழ் எழுத்தோடு பொருத்திப் பார்ப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் விளக்கத்தைப் படிப்பார்கள். குரல் உயர்த்திய பெரியவர் மாதிரித் தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தமிழ் மேல இருக்குல்ல, அது போதும்" என்றார்.

தேதியிலும் இதே சிக்கல்தான். பங்குனி உத்திரம் பௌர்ணமியை ஒட்டி வரும். பர்மியர்களின் நாட்காட்டியில் அந்தப் பௌர்ணமி தபாங் மாதத்திலோ தகூ மாதத்திலோ விழும். பர்மிய விளக்கத்தில் அவர்கள் மாதத்தின் பெயரையும் சேர்த்தோம். எண்கள் மட்டும் எல்லா இடத்திலும் 1, 2, 3 என்றே இருந்தன. பர்மிய எண்களில் சுழியும் வட்டம், 'வ' எழுத்தும் வட்டம். தமிழ் மட்டும் படிக்கும் பெரியவர்களுக்கு அது உதவாது.

சாமி படம்

முந்தைய ஆண்டுத் துண்டறிக்கையில் அம்மன் படம் முழுப் பக்கத்துக்கு இருந்தது. திருவிழா முடிந்த மறுநாள் அது வீதியில் காலடியில் கிடந்ததைப் பார்த்துப் பலர் வருந்தியதாகச் சொன்னார்கள். பர்மியர்களுக்கும் தெய்வத்தின் படம் காலடியில் கிடப்பது பொறுக்காது. அதனால் அம்மன் படம் உயரத்தில் கட்டும் பதாகையில் மட்டும். துண்டறிக்கையில் வேப்பிலைக் கொத்து. சுவரொட்டியில் தீக்குண்டத்தின் செம்மஞ்சள் மட்டும், உருவம் இல்லை. இதில் எனக்குப் பெரிய யோசனை எதுவும் தேவைப்படவில்லை, எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

அச்சகம்

பான்சோடான் வீதிப் பக்கம் போனால் பழைய புத்தகக் கடைகள். அதை ஒட்டிய தெருக்களில் சின்னச் சின்ன அச்சகங்கள். இங்கே அச்சகம் போகும் யாரும் எழுத்துருச் சிக்கலைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பர்மாவில் நீண்ட காலம் ஸாஜி என்ற எழுத்துரு முறை ஓடியது. அது யூனிகோடு போலவே தெரியும், ஆனால் உள்ளே குறியீடுகள் வேறு வரிசையில் இருக்கும். 2019 அக்டோபர் 1 முதல் நாடே யூனிகோடுக்கு மாறுவதாக அறிவித்து மாறியது. அப்படியும் பழைய செல்போனில் இருந்து வரும் செய்தி இன்னும் சில நேரம் குலைந்துதான் வருகிறது. அச்சகங்களில் அதற்கும் முந்தைய வின் இன்வா போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் கிடக்கின்றன. தமிழிலும் பாமினி, டிஸ்கி என்ற பழைய எழுத்துரு, குறியீட்டு முறைகளால் நாம் பட்ட பாடுதான் இது. குழுவினர் அனுப்பிய பழைய கோப்புகளைத் திறந்தால் தமிழும் குப்பை, பர்மியமும் குப்பை. வாசகம் முழுவதையும் புதிதாக யூனிகோடில் அடித்தேன்.

இன்னொரு ஆபத்து மென்பொருள். சில வரைகலை மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'தெரு' என்பதில் கொம்பு நடுவில் வந்து நிற்கும். முந்தைய ஆண்டுப் பதாகையில் கோவில் பெயரே அப்படித்தான் வந்திருந்தது. அச்சிட்டவருக்குத் தமிழ் தெரியாது, அவரைக் குறை சொல்ல முடியாது. நான் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வேலை செய்தேன். அது இரண்டு எழுத்தையும் ஒழுங்காகக் கோக்கிறது. கடைசியில் எல்லா எழுத்தையும் வெறும் கோட்டு வடிவமாக மாற்றித்தான் கோப்பைக் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் அச்சகக் கணினியில் எழுத்துரு இல்லாவிட்டாலும் வடிவம் குலையாது.

இது போதும் என்றுதான் பாடப் புத்தகம் சொல்லும். ஆனால் கோப்பு சரியாக இருந்தாலும் அச்சில் எழுத்து தேய்ந்து போகலாம், புள்ளி விழலாம். அதைப் பார்க்க வேண்டியது இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறவர். அவருக்காகவே ஒரு சரிபார்ப்புத் தாள் செய்தேன். முழு சுவரொட்டியின் படம். அதில் ஏழு இடங்களைச் சிவப்பில் வட்டமிட்டு, ஒவ்வொன்றையும் பெரிதாக்கி ஓரத்தில் காட்டி, 'இந்தப் புள்ளி தெரிய வேண்டும்', 'இந்தச் சுழி மூடக் கூடாது' என்று பர்மியத்தில் எழுதினேன். தமிழ் படிக்கத் தேவையில்லை, வடிவத்தை ஒப்பிட்டால் போதும். இயந்திரம் ஓட்டிய அண்ணன் அதை வாங்கி இயந்திரத்தின் மேல் ஒட்டிவிட்டு, "ஞீமா (தங்கச்சி), இந்த மாதிரி யாரும் குடுத்ததில்ல" என்று பர்மியத்தில் சொன்னார். மின்சாரம் வரும் மணிக்கணக்கைப் பார்த்துத்தான் இங்கே அச்சு ஓடுகிறது. போன மின்சாரம் திரும்பி வந்தபோது இரவாகிவிட்டது, நான் வீட்டுக்குக் கிளம்பியிருந்தேன். அவர் ஒரு சுவரொட்டியைப் படம் எடுத்து அனுப்பி, 'மூன்றாவது வட்டத்தில் சுழி மூடுகிறது, மை குறைக்கிறேன்' என்று எழுதியிருந்தார். அந்த எழுத்து 'அம்மன் துணை'யின் ணைதான்.

சின்ன எழுத்துகளைக் கறுப்பில் மட்டும் வைத்ததற்கும் காரணம் உண்டு. நான்கு நிறங்களையும் சேர்த்துக் கறுப்பு செய்தால், தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஓரத்தில் நிறம் கசியும். பர்மியத்தின் சுரப் புள்ளி அளவுக்குச் சின்ன வடிவத்துக்கு அந்தக் கசிவே போதும், படிக்க முடியாமல் போக. மஞ்சள் பின்னணியில் ஒரே கறுப்பு மை நன்றாக நின்றது.

ஒப்படைப்பு

திருவிழா முடிந்ததும் கோப்புகளைக் குழுவிடம் கொடுத்தேன். அடுத்த ஆண்டு நான் ஊரில் இருப்பேனா என்று தெரியாது. என் வயதுப் பிள்ளைகள் பலர் வேலைக்கு வெளியூர் போகிறார்கள், வெளிநாடு போகிறார்கள். அதனால் துண்டறிக்கையை லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் ஒரு வார்ப்பாகச் செய்தேன். தேதி, மணி, உபயதாரர் பெயர் மட்டும் மாற்றலாம். தலைப்பு எழுத்து படமாகப் பூட்டியிருக்கிறது. எழுத்துருக் கோப்புகளையும் அதே உறையில் வைத்தேன். பகிரக்கூடிய உரிமம் என்பதால் யாரும் யாருக்கும் கொடுக்கலாம், காசு கேட்கப் போவதில்லை. மேலே சொன்ன காரணம் இதுதான். காசு கொடுத்து வாங்க வேண்டிய எழுத்துருவில் செய்திருந்தால், நான் போன பிறகு யாரோ கையில் கிடைத்த வேறு எழுத்துருவை வைத்து அடித்திருப்பார்கள், கொம்பு மறுபடியும் நடுவில் போய் நிற்கும்.

வார்ப்பைத் திறந்து திருத்திப் பார்க்கச் செயலாளர் அண்ணனின் மகனை உட்கார வைத்தேன். பதினாறு வயது, தமிழ் எழுத்து அரைகுறை. உபயதாரர் பெயர் ஒன்றைத் தமிழில் சேர்க்கச் சொன்னபோது பர்மிய ஒலியைப் பார்த்துத் தமிழ் எழுத்தைத் தேடித் தேடி அடித்தான். எங்கே தயங்குகிறான் என்று குறித்துக்கொண்டு, வழிகாட்டித் தாளில் அந்த இடங்களுக்குப் படம் சேர்த்தேன்.

திருவிழாவில் என்ன பலன் என்று வகுப்பில் கேட்டார்கள். கூட்டம் கூடியதா குறைந்ததா என்று நான் எண்ணவில்லை. எண்ணினாலும் அதற்குச் சுவரொட்டிதான் காரணம் என்று சொல்ல முடியாது. நான் பார்க்கப் போனது வேறு. பால்குடம் கிளம்பும் நேரத்தைக் கேட்டு அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இருக்கிறார்களா என்று கவனித்தேன். வந்தவர்களை வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியைக் காட்டி நிறுத்தினேன். பெரியவர்கள் தாமே படித்துச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மா ஒருவர் தீமிதி விளக்கத்தைத் தன் பேரனுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

சரியாக வராத ஒன்றும் உண்டு. சுவரொட்டியில் ஒலிக்காக வைத்த பர்மிய எழுத்து, விளக்க வரியோடு சேர்ந்து ஒரே கூட்டமாகத் தெரிகிறது. பிள்ளைகள் சிலர் ஒலியைத் தாண்டி நேரே விளக்கத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த முறை ஒலிக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்து, தமிழ் எழுத்தோடு இன்னும் நெருக்கி வைத்துப் பார்க்க வேண்டும். குழு இப்போது தேவாரப் பாடல் புத்தகம் ஒன்றை இதே முறையில் கேட்டிருக்கிறது. தமிழ் வகுப்பு அக்காதான் பாடல்களைத் தேர்ந்தெடுக்கிறார். ஒப்பந்தத் தாளை இந்தத் தடவை செயலாளர் அண்ணனே கேட்டு வாங்கிக்கொண்டார். தேவாரத்தில் ழகரமும் ளகரமும் வரிக்கு வரி வரும், அவற்றுக்குப் பர்மிய எழுத்தில் என்ன செய்வது என்று பிள்ளைகளை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். மாதிரிப் பக்கங்களை ஆடி மாதத்துக்குள் சுவரில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.